பட்டை கட்டியவள்

ரிசீவருக்குள் மூன்று திருகாணிகள்தான். ஏசியிலிருந்து வரும் இரண்டு கம்பிகளில் ஒன்று எப்போதும் நடுத் திருகாணியில் இருக்கும். மற்றதை வலப்பக்கம் மாட்ட வேண்டும். இடப்பக்கத் திருகாணி எதற்கு என்று குளிர்ப் பங்கீட்டுத் துறையின் பயிற்சியில் ஒரு வரியில் சொல்லிவிட்டு, அதைத் தொடாதீர்கள் என்று முடித்துக்கொண்டார்கள். பிலோமினாவும் தொட்டதில்லை. வலதில் மாட்டி, மூடியைப் பொருத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். வேலூரின் பாதித் தெருக்களில், சுவர்களில் எரியும் சின்னப் பச்சை விளக்குகள் அவள் கை வைத்தவை.

சத்துவாச்சாரியில் தணிகாசலத்தின் வீட்டில் ரிசீவர் மாட்டிய அன்று, அவர் மனைவி குணவதி அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கூடத்தில் ஏசி ஏற்கெனவே இருந்தது. மூன்று கோடைகளாக அது வெறும் பெட்டி. ரிசீவர் இல்லாத ஏசிக்கு மின்சாரம் கிடையாது என்று சட்டம் வந்த பிறகு, மேலே துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

"இதுக்கு ரிமோட் எங்கம்மா?" என்று கேட்டார் தணிகாசலம். கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் தொடுவார்.

"ரிமோட் கெடையாது சார். ஒடம்புதான் ரிமோட்." பிலோமினா கறுப்பு நிறக் கைப்பட்டையை எடுத்துக் காட்டினாள். "இத மேல்கையில கட்டிக்கணும். சூட்டையும் நாடியையும் பாத்துக்கினே இருக்கும். ஆபத்தான அளவுக்கு ஏறிச்சுன்னா ரிசீவருக்குச் சொல்லும். உள்ள டக்குனு ஒரு சத்தம் வரும், ஏசி ஓடும். ஒடம்பு ஆறினா நின்னுடும்."

"வீட்டுக்கு ஒன்னுதானா?"

"ஒன்னுதான் சார். கரண்ட்டு அவ்ளோதான் கீது. யாருக்கு ஆபத்து ஜாஸ்தியோ அவங்க கட்டிக்கணும்."

"கட்டிக்கினு வெளிய போனா?"

"எங்க போனாலும் டவர் வழியா சேதி வந்துடும். வெயில்ல வேலை பாத்துட்டு வர்றவங்களுக்கு வீடு முன்னாடியே குளுந்திருக்கட்டும்னு அப்படி வச்சிருக்காங்க. ஆனா கழட்ட முடியாது. காந்தச் சாவி எங்க கையிலதான் இருக்கும். கழட்டினா ரிசீவர் தூங்கிடும், யாருக்கும் குளிர் வராது. வேற ஆளுக்கு மாத்தணும்னா கூப்புடுங்க."

யாருக்குக் கட்டுவது என்று அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. எல்லோரும் தணிகாசலத்தைப் பார்த்தார்கள். முதல் டம்ளர் காபி போகும் திசையிலேயே பட்டையும் போனது. சமையலறை வாசலில், துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்தபடி, அந்த வீட்டு மருமகள் இலக்கியா நின்றிருந்தாள். அரக்கோணத்துப் பெண். தையில் கல்யாணம் ஆகி வந்திருந்தாள்.

"இந்த வெயில்ல முழுக்கை சட்டை போட்டுக்கினு அலையுறியே, உனக்கு ஒன்னும் ஆவாதா?" என்று கிளம்பும்போது குணவதி கேட்டாள்.

"வெயில் தோல்ல படக்கூடாதுன்னுதான்" என்றாள் பிலோமினா.

அடுத்த வாரமே கூப்பிட்டார்கள். ஏசி ஓடவில்லையாம். போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. தணிகாசலம் ஈர வேட்டியுடன் மின்விசிறிக்கு அடியில் பனம்பாயில் படுத்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புழுக்கம் இருந்தது, எரிச்சல் இருந்தது, ஆபத்து மட்டும் இல்லை. கருவிக்கு ஆபத்து மட்டும்தான் தெரியும்.

இலக்கியாவின் கணவன் கதிரேசனுக்கு அன்று விடுமுறை. ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை. அவன்தான் சிரித்துக்கொண்டே சொன்னான். "அப்பாவுக்கு எங்கருந்து சூடு ஏறும்? ராஜா மாதிரி படுத்திருக்காரு. அடுப்படியில நிக்கிறாளே, அவளுக்குக் கட்டுங்க. அப்புறம் பாருங்க, ஊட்டிதான்."

எல்லோரும் சிரித்தார்கள். இலக்கியாவும் சிரித்தாள். "எனக்கா? எனக்கு எதுக்கு?" என்று, நகை போட்டுப் பார்க்கச் சொன்னதுபோலக் கூச்சப்பட்டுக் கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"கட்டிக்கோமா. நீதான் உள்ள வெந்து சாவுற" என்றாள் குணவதி. அதில் பொய் எதுவும் இல்லை. உண்மையான பரிவுதான். பிலோமினா பட்டையை மாற்றிக் கட்டினாள். இலக்கியா உள்ளே போய்க் கஞ்சி வடித்தாள். ரிசீவருக்குள் டக் என்று சத்தம் கேட்டது. கூடத்தில் ஏசி நீண்ட நாள் அடக்கி வைத்திருந்த மூச்சை விடுவதுபோல் ஓடத் தொடங்கியது. கதிரேசன் கைதட்டினான். குளிர் வீணாகக் கூடாதே என்று சமையலறைக் கதவை யாரோ சாத்தினார்கள். சாத்தியது இலக்கியாதான், உள்ளிருந்து.

அந்தக் கோடையில் வேலூர் முழுக்க அது நடந்தது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ஒவ்வொரு வீடும் தானாகவே, ஒரு சிரிப்போடு அதைக் கண்டுபிடித்தது. பட்டைகள் பெரியவர்கள் கையிலிருந்து இறங்கி, வீட்டிலேயே அதிகம் வேகிறவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. காட்பாடியில் ஒரு வீட்டில், வாழாமல் திரும்பி வந்த நாத்தனார். ஓட்டேரியில் சலவைக் கடைக்காரரின் இளைய மகன். ஒரு அடுக்குமாடியில் கூலிக்கு ஆள் வைத்தார்கள். ஒரு அம்மாள் காலையில் வந்து பட்டைகளோடு மொட்டைமாடியில் உட்காருவாள். கீழே வீடுகள் குளிர்ந்திருக்கும். அவளுக்கு மோரும் குடையும் கொடுத்தார்கள். பிறகு குடையை வாங்கிக்கொண்டார்கள்.

பிலோமினா வீடு வீடாகப் போய்ப் பட்டைகளை மாற்றிக் கட்டினாள். எந்த வீட்டிலும் அவளுக்குக் கெட்டவர்கள் தட்டுப்படவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. ஒரு கெட்டவர் இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம் குணவதியிடமிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. பிலோமினா மாடிப்படி ஏறும்போது அவள் கணவன் லூர்து ஃபோனில் வந்தான்.

"எங்க கீற பிலோ?"

"சத்துவாச்சாரில ஒரு வீடு. உள் வேலை."

"ஓ, உள் வேலையா? மாடி வேலை ஒன்னும் இல்லியா இன்னிக்கு?"

"சாயந்தரமா ஒன்னு கீது."

"சரி சரி. பாத்துப் போ. தண்ணி குடி."

நல்ல மனுஷன். குரலை உயர்த்திப் பேசி அவள் கேட்டதில்லை.

குணவதி கதவைக் கொஞ்சமாகத் திறந்து அவளை உள்ளே இழுத்தாள். "வா வா, சாத்து, குளுரு போயிடும்." கூடம் இருட்டாக, ஈரத் துணி முகத்தில் பட்டதுபோல் இருந்தது. தணிகாசலம் போர்வை போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தார். மேல்வீட்டுக்காரி தன் இரண்டு குழந்தைகளோடு வந்து சுவரோரமாகப் படுத்திருந்தாள்.

"பட்டை நழுவுது" என்றாள் குணவதி, தூங்குகிறவர்களுக்காகக் குரலைத் தாழ்த்தி. "வேர்வையில வழுக்கி முழங்கைக்கு வந்துடுது. ஒடனே ஏசி நின்னுடுது. கொஞ்சம் இறுக்கிக் குடுத்துட்டுப் போ."

பிலோமினா சமையலறைக் கதவைத் திறந்தாள். இட்லிப் பானையின் மூடியைத் திறந்து முகத்தை உள்ளே விட்டதுபோல் இருந்தது. புகை போகும் துளையில் பழைய புடவை திணித்திருந்தது. அடுப்பின் பக்கத்தில் ஒரு முக்காலியில் இலக்கியா உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பெரிய பாத்திரம் ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. பிலோமினா எட்டிப் பார்த்தாள். வெறும் தண்ணீர்.

"சமையல் முடியலியா?"

"அப்பவே முடிஞ்சிடுச்சுக்கா."

"அப்புறம் இது?"

"சும்மா எரியுது." இலக்கியா சிரித்தாள். உதடு வெடித்திருந்தது.

"அந்தத் தொளைய யாரு அடைச்சது?"

"நான்தான். காத்து வந்தா ஏசி நின்னுடுது. மாமாவுக்கு மூச்சு வாங்குது. மேல்வீட்டுக் கொழந்தைங்க வேற வந்திருக்கு."

"உன்ன யாராவது இங்க நிக்கச் சொன்னாங்களா?"

இலக்கியா உண்மையாகவே யோசித்தாள். "யாரும் சொல்லல. ஒருநாள் முடியலன்னு போய்ப் படுத்தேன். ஏசி நின்னுச்சு. எல்லாரும் ஒருதடவ கண்ணத் தொறந்து பாத்தாங்க. ஒன்னும் சொல்லலக்கா. திரும்ப மூடிக்கிட்டாங்க. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

பிலோமினா பட்டையை நகர்த்தினாள். அது இருந்த இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கி, ஓரங்களில் வேர்க்குரு சிவந்திருந்தது. கை மெலிந்திருந்தது. பட்டையைக் கடைசித் துளைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மணிக்கட்டைப் பிடித்தபோது உள்ளங்கை சுட்டது.

"தலை சுத்துதா?"

"நேத்து கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு. சுவத்தப் புடிச்சுட்டு உக்காந்துட்டேன். நேத்துதான் ஏசி சூப்பரா ஓடுச்சுன்னு மாமா சொன்னாரு." மறுபடியும் அந்தச் சிரிப்பு. தன்னால் ஒரு வீடு குளிர்ந்தது என்பதில் இலக்கியாவுக்கு எங்கோ ஒரு சின்னப் பெருமை இருந்தது. பிலோமினாவுக்கு அந்தப் பெருமையை அடையாளம் தெரிந்தது. எங்கே பார்த்தோம் என்று யோசிக்கப் போனவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

இந்தப் பெண் இன்னும் எத்தனை நாள் தாங்குவாள்? பிலோமினா வெளியே வந்து மெயினை அணைத்தாள். நடையில் இருந்த ரிசீவரின் மூடியைக் கழற்றினாள். வலப்பக்கத் திருகாணியைத் தளர்த்தி, கம்பியை உருவி, இடப்பக்கத்தில் செருகி முறுக்கினாள். பயிற்சியில் சொன்ன அந்த ஒரு வரி அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. வலது, கூப்பிட்டால் மட்டும் ஒட்டும். இடது, கூப்பிடாத வரை ஒட்டியிருக்கும். துறைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். ஆனால் சந்தேகம் வந்தால் பார்த்து வர அனுப்பப்படுவதும் அவள்தான்.

மெயினைப் போட்டாள். ரிசீவரின் விளக்கு எரிந்தது. ஏசி ஓடவில்லை.

"இன்னா ஆச்சு?" என்று எழுந்து உட்கார்ந்தார் தணிகாசலம்.

"துறையில புது உத்தரவு சார். இனிமே பட்டை கட்டினவங்க ஒடம்பு குளுந்திருந்தாதான் ஏசி ஓடும். சூடாச்சுன்னா நின்னுடும்."

"இது இன்னாம்மா தலைகீழா கீது?"

"மேல சொல்றாங்க, நாங்க செய்றோம்."

கூடத்தில் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். மேல்வீட்டுக் குழந்தை அழுதது. குணவதி எழுந்து போய்ச் சமையலறைக் கதவைத் திறந்தாள். அடுப்பு அணையும் சத்தம் கேட்டது. "இலக்கியா, வாமா. வெளிய வா. இங்க உக்காரு, இங்க, ஃபேனுக்குக் கீழ." தன் தலையணையை எடுத்துக் கொடுத்தாள். மோர் வந்தது. ஈரத் துண்டு வந்தது. மேல்வீட்டுக்காரி விசிறி எடுத்து வீசினாள். இலக்கியா திருதிருவென்று விழித்துக்கொண்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் டக் என்று சத்தம் கேட்டது.

பிலோமினா படியிறங்கும்போது கால்கள் லேசாக இருந்தன. ஒரே ஒரு கம்பி. கல்யாணம், மாமியார், சமையலறைக் கதவு எதையும் தொடாமல் ஒரு கம்பியை இடம் மாற்றியதில், ஒரு குடும்பமே அந்தப் பெண்ணைத் தாங்கத் தொடங்கிவிட்டது. மனிதர்கள் நல்லவர்களாக மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நல்லவர்களாக இருந்தால்தான் குளிரும் என்று சுவரில் ஏற்பாடு செய்துவிட்டால் போதும்.

தெருமுனைக்குப் போன பிறகுதான் அது தோன்றியது. இலக்கியாவுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தால்? அந்த நேரம் பார்த்து வீடு கொதிக்கும். கூப்பிடுவார்கள், வந்து மாற்றிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

அந்த அடுக்குமாடியின் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்த அம்மாள் அந்த மாதக் கடைசியில் இறந்துபோனாள். துறையிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். பட்டைகளைச் சோதித்தார், ரிசீவர்களைச் சோதித்தார். கருவிகளில் குறை எதுவும் இல்லை, ஏசிகள் கடைசி வரை நன்றாக ஓடியிருக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டைகளைக் கழற்ற பிலோமினாவைத்தான் அனுப்பினார்கள். கழற்றும்போது அந்தக் கை வெயிலில் கிடந்த கல்லைப்போல் இருந்தது. அன்றே சத்துவாச்சாரிக்குப் போய் இலக்கியாவைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தாள். போகவில்லை. அவர்களே கூப்பிட்டபோதுதான் போனாள்.

"ஏசி நின்னு நின்னு போவுது" என்றாள் குணவதி, வாசலிலேயே. அவள் முகமெல்லாம் வேர்த்திருந்தது. இப்போது அவள்தான் சமைக்கிறாள். "பொண்ணுக்குக் காய்ச்சலும் இல்ல, ஒன்னும் இல்ல. ஒரு வேலை செய்ய வுடறதில்ல நாங்க. தரையில கால் வெக்க வுடறதில்ல. இன்னும் இன்னாதான் செய்யணும், சொல்லு."

இலக்கியா ஏசிக்கு நேர் கீழே ஒரு நாற்காலியில் இருந்தாள். பாதங்களுக்கு அடியில் ஈரத் துண்டு. கழுத்தில் ஈரத் துணி. உடம்பு தேறியிருந்தது. கன்னம் பூசியிருந்தது. கைகள் இரண்டும் மடியில், யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன சாமான்களைப்போல் கிடந்தன. விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

"மனசுல எதாச்சும் இருக்கும்" என்றார் தணிகாசலம். "கேட்டா சொல்ல மாட்டேங்குது. நல்லதா எதாச்சும் நெனச்சுக்கோன்னா கேக்கணும்ல?"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே டக் என்று சத்தம் கேட்டது. ஏசி நின்றது. இருவரும் இலக்கியாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிலோமினாவும்தான்.

"பட்டையத் தனியா வச்சு சோதிக்கணும்" என்றாள் பிலோமினா. "சமையக்கட்டுக்கு வரட்டும்."

"சீக்கிரம் முடி. அங்க அனலா கீது."

இலக்கியா உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினாள். பிறகு அடுப்பு மேடையில் சாய்ந்து, அதன் சூடான கல்லில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். அந்தச் சூட்டில் குளிர்காய்கிறாள் என்று பிலோமினாவுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது.

"குளுருதா?"

"ராத்திரியும் விடறதில்லக்கா. ராத்திரி ஏசிக்குக் கரண்ட்டு இல்லன்னாலும், சூடு ஒடம்புல தங்கிடும்னு ஈரத் துணியப் போட்டுடறாங்க." குரல் தணிந்திருந்தது. "எங்கப்பாவ அரக்கோணத்துல ஆஸ்பத்திரியில சேத்தாங்களாம். நெஞ்சு வலி. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தப்புறம்தான் எனக்குச் சொன்னாங்க. முன்னாடியே சொன்னா நான் அழுவேன்ல."

பிலோமினா பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள்.

"அழுதா ஏசி நின்னுடுது. கோவம் வந்தா நின்னுடுது. அவரு ஃபோன்ல கொஞ்சிப் பேசினாக்கூட நின்னுடுது. அத்தை உள்ளருந்து கேக்கறாங்க, இன்னா யோசிக்கிறன்னு. நான் என்ன நெனைக்கிறேன்னு இந்த வீட்டுல எல்லாருக்கும் கேக்குது." இலக்கியா கதவைப் பார்த்தாள். "அப்ப இங்க வெந்துட்டு இருந்தேன். சரிதான். ஆனா கதவ மூடிக்கிட்டு அழலாம். அழுதா இன்னும் நல்லா ஓடும்."

"அப்படியே வுட்டிருந்தா நீ செத்துப் போயிருப்ப." பிலோமினாவுக்கு அந்த மொட்டைமாடிக் கை நினைவுக்கு வந்தது. "நான்தான் கம்பிய மாத்தினேன். உத்தரவு ஒன்னும் வரல. உன்னக் காப்பாத்தத்தான் செஞ்சேன்."

"தெரியும். அன்னிக்கு நீங்க மூடியக் கழட்டினதக் கதவிடுக்குல பாத்தேன்."

"அப்புறம்?"

"என்னக் கேட்டீங்களாக்கா?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. இரக்கப்பட்டு வருகிறவர்கள் எதையும் கேட்பதில்லை. அவசரமாக வருகிறார்கள், தங்களுக்குத் தெரிந்ததைச் செய்கிறார்கள், லேசான கால்களோடு படியிறங்கிப் போகிறார்கள். பிலோமினா தன் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலக்கியாவின் உடம்பை வைத்து மாமனார் வீடு ஒரு கணக்குப் போட்டது. பிலோமினா வந்து வேறொரு கணக்குப் போட்டாள். தன்னுடையது நல்ல கணக்கு என்று நினைத்தாள்.

"இப்ப இன்னா செய்யட்டும்? திரும்ப வலப்பக்கம் மாட்டட்டுமா?"

"வேணாம்."

"பின்ன?"

"கழட்டணும்" என்றாள் இலக்கியா. பட்டையைத் தொடவில்லை. கண்ணால் காட்டினாள்.

"கழட்டினா கம்பி எந்தப் பக்கம் இருந்தாலும் கரண்ட்டு வராது, யாருக்கும் குளிர் கெடையாது. வேற ஒருத்தர் கட்டிக்கிற வரைக்கும் ரிசீவர் தூங்கிடும். உங்க மாமாவுக்கு..."

"தெரியும்க்கா. தெரிஞ்சுதான் இத்தன நாள் கட்டியிருந்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்க வீட்டுல பட்டை யாரு கையில?"

பிலோமினாவின் இடக்கை தானாக வலது மேல்கைக்குப் போனது. சட்டைத் துணிக்கு அடியில் அது இருந்தது. அதை மறைக்க வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. சட்டையின் கை நீளமாக இருந்தது, அவ்வளவுதான். யாரும் கட்டச் சொல்லவில்லை. நான்தானே வெயிலில் அலைகிறேன், எனக்குக் கட்டினால் நல்லா ஓடும் என்று, கருவிகள் வந்த முதல் வாரத்திலேயே அவளே கட்டிக்கொண்டாள். அவள் மாடி மாடியாக ஏறும்போது தோட்டப்பாளையத்து வீட்டில் லூர்துவும் மகள் ஜோஸ்லினும் குளிர்ந்திருப்பார்கள். தெருவிலேயே நம்ம வீடுதான் குளிர் என்று ஜோஸ்லின் தோழிகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். அதைக் கேட்கும்போது மனதில் ஒரு சின்னப் பெருமை. அன்று இலக்கியாவிடம் கண்டு, எங்கே பார்த்தோம் என்று யோசிக்கப் போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டது இந்தப் பெருமையைத்தான்.

இலக்கியா அந்தக் கையைப் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று பிலோமினாவுக்கு இருந்தது.

காந்தச் சாவியை யாரிடமும் தரக்கூடாது. பிலோமினா அதைப் பையிலிருந்து எடுத்து அடுப்பு மேடையின் மேல் வைத்தாள்.

"பட்டையோட பூட்டு மேல வச்சு ஒரு சுத்து சுத்தினா போதும். நான் கீழ நிக்கிறேன். வேணும்னா செய். வேணாம்னா சாவிய ஜன்னல் வழியா போட்டுடு." பிறகு, கேட்டே ஆக வேண்டும் என்பதுபோல், "சரியா?" என்றாள்.

"சரிக்கா."

கூடத்தில் குணவதி எழுந்து வந்தாள். "ஆச்சா?"

"பாக்கலாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு பிலோமினா வெளியேறினாள்.

இலக்கியா கூடத்துக்கு வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். படியிறங்கும்போது சுவருக்கு வெளியே தொங்கிய ஏசி இயந்திரம் உறுமி ஓட ஆரம்பித்தது. பிலோமினா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஜன்னல் வழியாகச் சாவி எதுவும் விழவில்லை. இயந்திரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் தரையைத் தொட்டதும் உலர்ந்தது. பிறகு உறுமல் நின்றது.

மேலேயிருந்து குணவதியின் குரல் கேட்டது. "இலக்கியா, இன்னா யோசிக்கிற? நல்லதா நெனச்சுக்கோ கண்ணு."

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. இலக்கியா தோளில் ஒரு பையோடு இறங்கி வந்தாள். கையில் பிடித்திருந்த செருப்பை வாசலில் போட்டுக்கொண்டாள். மேல்கையில் பட்டை இருந்த இடம் மட்டும் வெளிறிப்போய், வேறு யாருடைய தோலோபோல இருந்தது.

"அரக்கோணத்துக்குப் போறேன். அப்பாவப் பாக்கணும்."

"மாமாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். பட்டைய டீவி மேல வச்சுட்டு, யாராவது கட்டிக்கோங்க மாமான்னு சொன்னேன்."

"இன்னா சொன்னாங்க?"

"அதப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காங்க." சாவியை பிலோமினாவின் உள்ளங்கையில் வைத்தாள். "திரும்பி வருவேன்க்கா. அவங்க ஒன்னும் கெட்டவங்க இல்ல."

தெருவில் நிழலே இல்லை. இலக்கியா வெயிலில் இறங்கி நடந்தாள். தலையில் துப்பட்டாவைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. போகப் போக அவள் முதுகில் வேர்வை படர்வது தெரிந்தது. உடம்பு சூடேறிக்கொண்டிருக்க வேண்டும். அழுதுகொண்டுகூட இருக்கலாம். அதனால் எங்கும் எதுவும் ஓடவில்லை. எதுவும் நிற்கவில்லை. பேருந்து நிறுத்தத்தின் பக்கம் அவள் திரும்பி மறையும் வரை பிலோமினா பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிரே ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் அடியில் இஸ்திரி வண்டி ஒன்று ஆளில்லாமல் நின்றது. சாயந்தரத்துக்குள் இன்னும் இரண்டு மொட்டைமாடிகள் பாக்கி. பிலோமினா பையை இறக்கிவிட்டு வேரின் மேல் உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்து எத்தனை காலம் ஆகிறது என்று நினைவில்லை. மலைப்பக்கமிருந்து வந்த காற்று அனலாகத்தான் இருந்தது. ஆனாலும் வேர்த்த கழுத்தில் படும்போது குளிர்ந்தது.

ஃபோன் அடித்தது.

"பிலோ, எங்க கீற? ஏசி நின்னு ரொம்ப நேரமாச்சு."

"நெழல்ல கீறேன்."

"நெழல்லயா?" லூர்து சிரித்தான். பழைய, பரிவான சிரிப்பு. "இன்னா, வேலை இல்லியா?"

"வேலை கீது. உக்காந்திருக்கேன்."

அந்தப் பக்கம் பின்னாலிருந்து மகளின் குரல் ஏதோ கேட்டது.

"பாப்பா கேக்குது" என்றான் லூர்து, அதே மென்மையான குரலில். "அம்மா எப்ப எழுந்திரிப்பாங்கன்னு."

பிலோமினா கைப்பித்தானைக் கழற்றினாள். சட்டையின் கையை மடித்து மடித்து மேலே ஏற்றினாள், பட்டை வெளியே தெரியும் வரை. மடியில் காந்தச் சாவி இருந்தது. இலக்கியாவின் கைச்சூடு இன்னும் அதில் இருந்தது.

"தெரியல" என்றாள்.

ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. லூர்துவும் வைக்கவில்லை. வேப்பிலைகள் அசைந்தன. அவள் உடம்பு மெல்லக் குளிர்ந்துகொண்டிருந்தது.